பூனைக்கு மட்டும் கேட் பாஸ் இல்லை!

1819-ம் வருஷம், அக்டோபர் மாதம். ஜெர்மனியில் யேனா என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அந்த ஊர்க் கடைவீதி வழியாக ஓர் இளைஞன் விடுவிடுவென்று நடந்து போகிறான். உடம்பில் இரவல் கோட்டு. தலையில் இரவல் தொப்பி. கக்கத்தில்... ஒரு பூனை!

அவன் பெயர் ஃப்ரீட்லீப் ஃபெர்டினாண்ட் ரூங்கே. வயது இருபத்தைந்துதான். போய்க் கொண்டிருந்தது சாதாரண ஆசாமி வீட்டுக்கு இல்லை. மகாகவி கதே கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பெல்லடோனா என்ற விஷச்செடியின் சாறு கண்ணில் பட்டால் கருமணி அகல விரிந்துவிடும் என்பதை ரூங்கே கண்டுபிடித்திருந்தான். அதை உயிருள்ள ஒரு ஜீவனின் கண்ணில் காட்ட வேண்டும். அதற்குத்தான் பூனை. பார்த்து அசந்துபோன கதே, போகும்போது ஒரு டப்பா காபிக் கொட்டையைக் கையில் கொடுத்து, ‘இதையும் ஆராய்ச்சி பண்ணிப் பாரேன்’ என்கிற மாதிரி அனுப்பி வைத்தார். ரூங்கே அதிலிருந்து பிரித்தெடுத்ததுதான் கஃபீன். காலையில் நீங்கள் குடிக்கிற ஃபில்டர் காபியில் தூக்கத்தை விரட்டுகிற அந்தச் சரக்கு.

கதே இருக்கட்டும், காபியும் இருக்கட்டும். இதே ரூங்கே பதினைந்து வருஷம் கழித்து, 1834-ல், இன்னொரு வஸ்துவைக் கண்டுபிடித்தார். அதன் வாரிசுதான் உங்கள் வீட்டு பாத்ரூம் மூலையில் பாட்டிலில் நிற்கிறது. பினாயில்! வீட்டில் வளர்க்கிற பிராணிகளில் அந்தச் சரக்கு யாரை அதிகமாகப் படுத்தும் தெரியுமா? பூனையை.

ஜெர்மனியை அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்சம் நம் பக்கம் வாருங்கள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் சேரப்பணஞ்சேரி இருக்கிறது. 2010-ல் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லர் என்று ஒரகடத்தில் வரிசையாகத் தொழிற்சாலைகள் திறந்ததில், சுற்றுவட்டார கிராமங்களில் எல்லாம் வாடகை வீடுகள் முளைத்துவிட்டன. ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள், புதுசாகக் குடித்தனம் வந்த ஜோடிகள், அவர்கள் கூப்பிடாமலே வந்து சேர்ந்துகொள்கிற ஒரு பூனை, கேட் ஓரம் படுத்துக்கொள்கிற ஒரு நாய். சென்னையைச் சுற்றி இப்படிப் புதிதாக எழும்புகிற எந்தப் பகுதிக்குப் போனாலும் காலை பத்து மணிவாக்கில் ஒரு குரல் கேட்கும். “அக்கா... பினாயில், ஆசிட், சோப்பாயில்...!” வண்டியில் பெரிய கேன். நீங்கள் ஒரு காலி பாட்டிலை நீட்டினால் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். லேபிள்? அது பழைய பாட்டிலில் என்ன ஒட்டியிருந்ததோ அதுதான்!

அந்த பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, அது ஏன் அங்கே வந்தது, பூனைக்கும் அதற்கும் என்ன பகை? இதற்குத்தான் ரூங்கே வேண்டும்.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்கு எரிந்தது நிலக்கரி வாயுவில். நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டால் வாயு வரும். மிச்சமாக, கறுப்பாக, கெட்டியாக, மூக்கைப் பிடிக்க வைக்கும் தார் நிற்கும். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதே கம்பெனிகளுக்குத் தலைவலி. பெர்லின் பக்கத்தில் ஒரானியன்பர்க் என்ற ஊரில் ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ரூங்கே, அந்தத் தாரைக் கிளறினார். அதிலிருந்து வரிசையாகப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஒன்று அனிலீன். இன்னொன்று கார்பாலிக் ஆசிட். (அனிலீனில் சாயம் காய்ச்சலாம், வியாபாரம் பண்ணலாம் என்று மேலிடத்தில் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து லண்டனில் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் அனிலீனிலிருந்து ஊதாச் சாயம் எடுத்துப் பெரிய பணக்காரனானான். காமர்ஸ் படித்த எனக்கு, இப்படிக் கோட்டைவிட்ட கணக்குகளைப் படித்தால் வயிறு எரியும்!)

கார்பாலிக் ஆசிட்டின் இன்னொரு பெயர் பீனால். ஃப்ரெஞ்சு வேதியியலாளர் லோரான், ‘ஒளிர்வது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘பீன்’ என்ற வேரை எடுத்தார். விளக்கு வாயுவோடு சம்பந்தப்பட்ட சமாசாரம் இல்லையா, அதனால். பீன், பீனால், பீனைல் என்று வளர்ந்து, நம்மூர் வாயில் பினாயில் ஆனது. ஆக, பினாயில் என்றால் அர்த்தம் வெளிச்சம்! கழிவறையில் தெளிக்கிற சரக்குக்கு எவ்வளவு கவித்துவமான பெயர் பாருங்கள்.

முப்பது வருஷம் அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. பிறகு இங்கிலாந்தில் கார்லைல் என்ற ஊரில் சாக்கடை நாற்றத்தை அடக்க கார்பாலிக் ஆசிட் கலந்தார்கள். நாற்றம் போனது. அந்தக் கழிவுநீர் பாய்ந்த வயலில் மேய்ந்த மாடுகளுக்கு அதுவரை வந்து கொண்டிருந்த ஒட்டுண்ணி நோயும் போய்விட்டது. இந்தச் செய்தி கிளாஸ்கோவில் இருந்த ஒரு சர்ஜனின் கண்ணில் பட்டது. ஜோசப் லிஸ்டர்.

1865, ஆகஸ்ட் 12. ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையன்மேல் வண்டிச் சக்கரம் ஏறி, கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துவிட்டது. அந்தக் காலத்தில் இந்த மாதிரி காயம் என்றால் சீழ் பிடிக்கும், காலை எடுப்பார்கள், பல பேர் பிழைக்க மாட்டார்கள். லிஸ்டர் கார்பாலிக் ஆசிட்டில் நனைத்த துணியைக் கட்டினார். சில வாரங்களில் பையன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான். நவீன அறுவை சிகிச்சையின் சரித்திரமே அங்கிருந்து மாறிவிட்டது.

உற்சாகத்தில் லிஸ்டர் ஒரு படி மேலே போனார். ஆபரேஷன் அறை முழுக்கக் காற்றில் கார்பாலிக் ஆசிட்டைப் பீய்ச்சி அடிக்க ஒரு ஸ்பிரே மெஷின் வைத்தார். டாக்டர்கள் இருமினார்கள். கை தோல் உரிந்தது. 1890-ல் பெர்லினில் நடந்த மருத்துவ மாநாட்டில், இதைப் போய்ச் சிபாரிசு செய்தேனே என்று வெட்கப்படுவதாக லிஸ்டரே சொல்லிவிட்டார். ஆனால் அந்த வாசனை? அது உலகத்தின் மூக்கில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி என்றால் அந்த வாசனை. அந்த வாசனை வந்தால் சுத்தம். இந்த சமன்பாட்டை இன்றுவரை யாராலும் அழிக்க முடியவில்லை. (2020 மார்ச்சில் கொரோனாவுக்காக உத்தரப்பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களை ரோட்டில் உட்காரவைத்து மேலேயே ப்ளீச்சிங் கரைசலை அடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? லிஸ்டர் வெட்கப்பட்டு நூற்று முப்பது வருஷம் ஆகியிருந்தது.)

இந்த வாசனை இந்தியாவுக்குள் மொத்தமாக வந்து இறங்கியது பிளேக் நோயோடு. 1896-ல் பம்பாயில் பிளேக் வெடித்தது. எதனால் பரவுகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அசுத்தம்தான் காரணம் என்று நினைத்த நிர்வாகம், சாக்கடைகளிலும் தெருக்களிலும் கார்பாலிக் ஆசிட்டைக் கொட்டியது. வீடுகளுக்குள் புகுந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது, சாமான்களை எரித்தது. 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. ஜனங்களுக்கு நோயைவிட இந்தச் சோதனைகள் மேல்தான் கோபம். அதே வருஷம் புனாவில் பிளேக் கமிஷனர் ராண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் கோயம்புத்தூர்ப் பக்கம் ஜனங்கள் வேறு வழி பார்த்தார்கள். அங்கே பிளேக் மாரியம்மன் என்றே கோயில் உண்டு.

1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற ஃப்ரெஞ்சு டாக்டர் குட்டை உடைத்தார். பிளேக் பரவுவது தரை அழுக்கால் இல்லை. எலியின் உடம்பில் இருக்கிற தெள்ளுப்பூச்சியால்! கார்பாலிக் ஆசிட்டைக் குடம் குடமாகத் தெருவில் கொட்டியதெல்லாம் தெள்ளுப்பூச்சிக்குப் பெரிதாக உறைக்கவில்லை.

எலிதான் வில்லன் என்றால் ஹீரோ யார்? சந்தேகமே வேண்டாம். அமராவதியில் சிவில் சர்ஜனாக இருந்த ஆண்ட்ரூ புக்கானன் என்ற ஆங்கிலேய டாக்டர் ஊர் ஊராகப் போய்ப் பூனைகளைக் கணக்கெடுத்தார். பூனை நிறைய இருக்கிற கிராமத்தில் பிளேக் குறைவு என்பது அவர் கண்ட கணக்கு. ‘பிளேக்கைத் தடுக்கும் பூனைகள்’ என்கிற தலைப்பில் 1908-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார். (பூனைக்கும் பிளேக் வரும், அதனிடமிருந்து மனிதனுக்கும் தொற்றும் என்பது இன்றைக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்கு அந்த ஆராய்ச்சி அவ்வளவு தூரம் வரவில்லை.)

கவனித்தீர்களா? ஒரே நோய்க்கு எதிராக நம் வீடுகளுக்கு இரண்டு காவல்காரர்களைச் சிபாரிசு செய்தார்கள். ஒன்று பூனை. இன்னொன்று கார்பாலிக். இரண்டும் ஒரே வீட்டுக்குள் குடியேறின. ஒன்றுக்கு இன்னொன்று விஷம் என்பதைப் பூனையிடம் யாரும் சொல்லவில்லை.

அதற்குள் வியாபாரம் சூடுபிடித்துவிட்டது. சுத்தமான பீனால் விலை அதிகம். தாரிலேயே கிடைக்கும் அதன் பங்காளிகளான கிரெசால் வகையறா விலை மலிவு. அவற்றை சோப்போடு கலந்தால் தண்ணீரில் கரைக்க வசதி. ஜெர்மனியில் 1889-ல் லைசால் இப்படித்தான் வந்தது. 1892-ல் ஹாம்பர்க் நகரத்தில் காலரா 8,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது அதற்கு ஏக கிராக்கி. கல்கத்தாவில் வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் தன் வீட்டிலேயே தொடங்கி, 1901-ல் லிமிடெட் கம்பெனியாக்கிய பெங்கால் கெமிக்கல்ஸ், பிற்பாடு இந்தியாவின் சுதேசி பினாயிலுக்குப் பெயர் வாங்கியது. இப்போது அது அரசாங்க நிறுவனம்.

1903-ல் ரிடீல், வாக்கர் என்ற இருவர் ஒரு தராசு கண்டுபிடித்தார்கள். உங்கள் கிருமிநாசினி டைபாய்டு கிருமியைக் கொல்வதில் சுத்தமான பீனாலைவிட எத்தனை மடங்கு கெட்டிக்காரன் என்று சொல்லும் எண் அது. நம்மூர் ஐ.எஸ்.ஐ. தர விதிகளிலும் பினாயிலை கிரேடு பிரிக்க இந்த எண் உண்டு. அருமையான எண்தான். ஆனால் அது கிருமியைக் கொல்கிற கணக்கை மட்டும் சொல்லும். அந்தத் தரையில் நடந்துவிட்டுக் காலை நக்குகிற ஜீவன் என்ன ஆகும் என்பதற்கு அதில் பத்தியே கிடையாது.

இப்போது பூனையின் வயிற்றுக்குள் போவோம்.

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகள் எதிலும் ஒரு சமாசாரம் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருந்து ஒரு லாரி வெளியே போக வேண்டுமானால் கேட் பாஸ் வேண்டும். பாஸ் இல்லையென்றால் செக்யூரிட்டி அண்ணன் கம்பத்தைத் தூக்கமாட்டார். லாரி உள்ளேயே நிற்கும். கல்லீரலும் அப்படித்தான். உடம்புக்குள் வந்த பீனால் போன்ற விஷத்தின்மேல் குளுகுரோனிக் அமிலம் என்ற, சர்க்கரைக்குச் சொந்தக்காரனான ஒரு சீட்டை ஒட்டிவிடும். சீட்டு ஒட்டிய சரக்கு தண்ணீரில் கரைந்து, சிறுநீர் வழியாக வெளியே போய்விடும். உங்களுக்கும் எனக்கும் இது நடக்கிறது. நாய்க்கும் நடக்கிறது. கார்லைல் வயலில் மேய்ந்த மாடுகளுக்கும் நன்றாகவே நடந்தது.

பூனைக்கு அந்த கவுன்ட்டர் மூடிக் கிடக்கிறது.

சீட்டு ஒட்டுகிற என்சைம்களில் முக்கியமான ஒன்றைத் தயாரிக்கும் மரபணுவின் பெயர் யு.ஜி.டி.1ஏ6. பூனையின் உடம்பில் அந்த மரபணு இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது என்பதை 2000-ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். 2011-ல் வந்த அடுத்த ஆராய்ச்சி இன்னும் சுவாரஸ்யம். வீட்டுப் பூனை மட்டும் இல்லை. பூனைக் குடும்பத்தில் சோதித்துப் பார்த்த அத்தனை பேருக்கும் அது உடைந்துதான் இருக்கிறது! அதாவது சேரப்பணஞ்சேரி மாடிப்படிப் பூனைக்கும், அதே சாலையின் அந்தக் கோடியில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் உலாத்துகிற சிங்கத்துக்கும் குடும்பச் சொத்து ஒன்றுதான். காரணம் என்ன? பீனால் வகைப் பொருள்கள் செடிகொடிகளில் ஏராளம். இலை தழை தின்கிற மாட்டுக்கு அந்த கவுன்ட்டரில் தினமும் கூட்டம். கறி மட்டுமே தின்று வாழ்கிற பூனைக் குடும்பத்தில் கவுன்ட்டருக்கு வேலையே இல்லை. எப்போதோ பழுதாகியிருக்கிறது, இல்லாமலே பிழைப்பு ஓடியதால் பழுது அப்படியே நிலைத்துவிட்டது. இதுதான் ஆய்வாளர்கள் சொல்கிற விளக்கம். பல லட்சம் வருஷங்களாக அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ரூங்கே வரும்வரை!

(இதே காரணத்தால்தான் நாம் ஜுரத்துக்குப் போட்டுக்கொள்கிற பாரசிட்டமால் பூனைக்கு ஆகாது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதும். தயவுசெய்து இந்த ஒரு வரியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.)

பூனை பினாயிலைத் தேடிப்போய்க் குடிப்பதில்லை. ஈரத் தரையில் நடக்கும். பிறகு மூலையில் உட்கார்ந்து பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும். அதன் சுத்தப் பழக்கமே அதற்கு எமன். முதலில் எச்சில் ஒழுகும். நாக்கில், வாயில் புண் வரும். சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நிறைய உள்ளே போயிருந்தால் தள்ளாட்டம், நடுக்கம், மூச்சுத் திணறல், கல்லீரல் பாதிப்பு என்று போகும். ‘நேத்துலேருந்து பூனை சோர்ந்து கிடக்கு’ என்று சொல்கிற வீட்டில் யாருக்கும் முந்தாநாள் தரை துடைத்தது ஞாபகத்துக்கு வராது.

சரி, லேபிளே இல்லாத பாட்டிலை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபமான பரீட்சை ஒன்று இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விடுங்கள். பால் மாதிரி வெளுக்கிறதா? எண்ணெய்ப் பசை கொண்ட பீனால் வகையோ பைன் ஆயிலோ இருக்க வாய்ப்பு அதிகம். கறுப்பு பினாயில், வெள்ளை பினாயில் இரண்டுமே வெளுக்கும். 1930-களில் இங்கிலாந்தில் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்காக வந்த டெட்டாலும் வெளுக்கும். அதன் குளோரோசைலினாலும் பீனால் குடும்பத்துப் பிள்ளைதான். மனிதனுக்கு நல்ல மருந்து. பூனை இருக்கிற வீட்டில் தரைக்கு வேண்டாம். ஆனால் வெளுக்கவில்லை என்பதற்காக ‘பாஸ்’ போட்டுவிடாதீர்கள். பூ வாசனையோடு வருகிற கலர் கலரான தரைத் திரவங்கள் பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கும். 1935-ல் ஜெர்மனியின் டோமாக் உலகத்துக்குக் காட்டிய சரக்கு. அது வேறு குடும்பம். இருந்தும் சரியாகக் கரைக்காமல் கெட்டியாகத் துடைத்துவிட்டால் அதுவும் பூனையின் நாக்கைப் புண்ணாக்கும்.

‘நாங்கள் ஆர்கானிக்தான் வாங்குகிறோம்’ என்கிறீர்களா? பைன் ஆயில் மரத்திலிருந்து வருவதுதான். யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ ஆயில், எலுமிச்சைத் தோல் எண்ணெய் எல்லாமே இயற்கைதான். செடியிலிருந்து வந்தது என்பதுதான் பூனையின் பிரச்னையே! கறி தின்கிற குடும்பம் என்று இப்போதுதானே பார்த்தோம். கடைக்காரர் ‘நேச்சுரல்’ என்பது விலை ஏற்றுவதற்கான வார்த்தை. பூனையின் கல்லீரலுக்கு அது தெரியாது.

நாய் வளர்ப்பவர்கள் ‘அப்பாடா’ என்று பெருமூச்சு விட வேண்டாம். நாய்க்கு கேட் பாஸ் உண்டு என்பது நிஜம். ஆனாலும் கெட்டி பினாயில் அதன் பாதத்தைப் பொசுக்கும், நக்கினால் வயிற்றைப் புரட்டும். அதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று இருக்கிறது. 1978-ல் உலகம் முழுக்கத் திடீரென்று பரவி நாய்க்குட்டிகளைக் கொன்று குவித்த பார்வோ வைரஸ் 1980-களின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் தடுப்பூசி போடாத குட்டிகளை அது கொண்டுபோகிறது. குட்டி செத்த வீட்டில் என்ன செய்வார்கள்? வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவி, வாசனை போதுமா என்று மோந்து பார்த்துவிட்டு, புதுக்குட்டி வாங்கி வருவார்கள். அதுவும் போய்விடும். ஏனென்றால் சாதாரண பினாயில் அந்த வைரஸை ஒன்றும் செய்யாது. வெளிப்புறத்தில் கொழுப்பு உறை இல்லாத முரட்டு வைரஸ் அது. மாதக்கணக்கில் தரையிலும் மண்ணிலும் உட்கார்ந்திருக்கும். அதை மடக்குவது பழைய ப்ளீச்சிங்தான். முதலில் சோப்புப் போட்டு அழுக்கை எடுத்துவிட வேண்டும். பிறகு கடையில் விற்கும் ப்ளீச்சிங் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். நிறையத் தண்ணீர் விட்டு அலசி, காயும்வரை எந்தப் பிராணியையும் உள்ளே விடக்கூடாது. அதோடு நிறுத்திக்கொள்ளாமல், அடுத்த குட்டியைத் தடுப்பூசி முடித்துவிட்டுத்தான் அழைத்து வர வேண்டும்.

ப்ளீச்சிங் என்றதும் ஓர் எச்சரிக்கை. பூனையின் மூத்திரத்தில் அமோனியா இருக்கிறது. அதன்மேல் நேராக ப்ளீச்சிங்கை ஊற்றினால் குளோரமீன் என்ற நச்சுப்புகை கிளம்பும். ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயுவே வரும். அது முதல் உலகப்போரில் ஆயுதமாக வீசப்பட்ட வாயு. சின்ன பாத்ரூமில் பூனைக்கு மட்டும் இல்லை, துடைக்கிற அம்மாவுக்கும் ஆபத்து.

மூத்திர நாற்றத்துக்கு வேறு ஆள் இருக்கிறார், என்சைம் கலந்த கிளீனர். அதன் பூர்வீகம் கேட்டால் சிரிப்பீர்கள். அந்தக் காலத்தில் தோல் பதனிடுகிறவர்கள் தோலை மிருதுவாக்க எதைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? நாய் விட்டையை! ஐரோப்பாவில் அதைப் பொறுக்கி விற்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானியர், அதில் வேலை செய்வது ஜீரண என்சைம்தான் என்று புரிந்துகொண்டு, மிருகங்களின் கணையத்திலிருந்து எடுத்த என்சைமை அதற்குப் பதிலாக விற்றார். தோல் தொழிற்சாலைகளுக்கு நிம்மதி. (குரோம் லெதர் கம்பெனியால் பெயர் வாங்கிய ஊர்தான் நம் குரோம்பேட்டை.) பிறகு அதே என்சைம் துணியில் படிந்த கறையைத் தின்னாதா என்று யோசித்து, 1913-ல் துணி துவைக்கும் தூளுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று செல்லப் பிராணிகள் கடையில் விற்கிற என்சைம் கிளீனரின் கொள்ளுத்தாத்தா அதுதான். நாய் விட்டைக்குப் பதிலாக வந்த சரக்கின் வாரிசு, நாய் விட்டையின் கறையைத் துடைக்க வந்திருக்கிறது!

தினசரி துடைப்பதற்கு இவ்வளவு கூடத் தேவையில்லை. ஒரு பக்கெட் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு ஸ்பூன், துடைத்தபின் வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. வாசனை வராது. மாமியார் வந்தால் ‘தரை துடைக்கலையா?’ என்று கேட்கக்கூடும். அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். கழிவறைக்கு ஆசிட், பினாயில் போட்டே ஆகவேண்டும் என்றால் கதவைச் சாத்திவிட்டுப் போடுங்கள். ஃப்ளஷ் செய்து, கழுவி, தரை காய்ந்தபிறகு திறங்கள். துடைத்த வாளித் தண்ணீரை வாசலில் வைத்துவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள். தெருநாய்க்கு வெயில் காலத்தில் தாகம் எடுக்கும். அலமாரியில் துணிக்கு நடுவே போடுகிற பாச்சை உருண்டையையும் கொஞ்சம் தேடி எடுத்து விடுங்கள். நாப்தலீன் உருண்டை என்றால் அதுவும் ரூங்கே கிளறிய அதே தாரின் பிள்ளைதான். உருட்டி விளையாடத் தோதான சைஸ் வேறு.

இவ்வளவுக்கும் மீறிப் பூனை பினாயிலில் கால் வைத்துவிட்டது என்று வையுங்கள். நக்க விடாமல் ஒரு துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பாதத்தை சோப்பும் தண்ணீரும் விட்டு உடனே கழுவுங்கள். குடித்திருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலை வேண்டாம். உள்ளே போகும்போது சுட்டது வெளியே வரும்போதும் சுடும். பக்கத்தில் இருக்கிற கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். போகும்போது மறக்காமல் அந்த பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரரிடம் வாங்கிய லேபிள் இல்லாத பாட்டிலாக இருந்தாலும் சரி. டாக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.